பூந்தமல்லிக்கு வராத மோனோரயில்: ஒரு சின்னக் கணக்கு



பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்குப் போரூர் நெரிசலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. "2011-லயே மோனோரயில் வரும்னாங்க. வந்திருந்தா நீ படியில தொங்கியிருக்க மாட்டே" என்று அப்பா அடிக்கடி சொல்வார். வந்திருந்தால் நெரிசல் தீர்ந்திருக்குமா? சிவில் படிக்கிறவன் என்ற முறையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அமைப்பு

மோனோரயில் ஒரே கான்கிரீட் உத்திரத்தை இருபுறமும் கவ்விக்கொண்டு ஓடும். மேலே உள்ள ரப்பர் சக்கரங்கள் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டுச் சக்கரங்கள் சாயாமல் பிடிக்கும். தூணுக்கு இடம் குறைவு, குறுகிய வளைவிலும் திரும்பும். ஆனால் தடம் மாற உத்திரத்தையே நகர்த்த வேண்டும்.

நம் பக்கம் திட்டமிட்டது பூந்தமல்லி–கத்திப்பாரா தடமும், போரூர்–வடபழனி கிளையும். மொத்தம் சுமார் 20.7 கி.மீ. ஒரு தூண்கூட எழும்பவில்லை. மும்பையில் எழும்பியது.

மும்பை சொல்லும் பாடம்

2014 பிப்ரவரியில் வடாலா–செம்பூர் பகுதி திறந்தது. 2019 மார்ச்சில் தடம் ஜேக்கப் சர்க்கிள் வரை, சுமார் 20 கி.மீ. நீண்டது. நான்கு பெட்டி ரயிலில் சுமார் 560 பேர் போகலாம். 15 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால்:

60 ÷ 15 = 4 ரயில்
4 × 560 = 2,240 பேர் (ஒரு மணிக்கு, ஒரு திசையில்)

பஸ்ஸுக்கு 70 பேர் என்றால் இது 32 பஸ்தான்! அதே ரயிலை 3 நிமிடத்துக்கு ஒன்றாக விட்டால் 11,200 பேர். தூண் அதேதான், உத்திரம் அதேதான். மாறியது இடைவெளி மட்டும்.

அந்த 2,240 இடங்களும் நிரம்பவில்லை. முதல் பகுதி ஆலைகள், குடியிருப்புகள் பக்கமாகப் போனது. ஜனங்கள் வேலைக்குப் போகிற பாதை வேறு. கால் மணி காத்திருக்க யாருக்குப் பொறுமை?

வேடிக்கை என்னவென்றால், காலியாக ஓடிய அதே ரயில் 2025 ஆகஸ்ட் 19 அன்று கூட்டத்தால் நின்றது. பெருமழையில் புறநகர் ரயில் முடங்க, ஜனங்கள் மோனோரயிலில் ஏறிவிட்டார்கள். 104 டன் தாங்கும் ரயிலில் 109 டன். மின் தொடர்பு அறுந்து நடுவானில் நின்றது. 580 பேருக்கு மேல் தீயணைப்புப் படை இறக்கியது. 2025 செப்டம்பர் 20 முதல் புதுப்பிப்பதற்காகச் சேவையே நிறுத்தப்பட்டது.

நமக்கு என்ன?

நமக்கு மோனோரயிலுக்குப் பதிலாக, கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி மெட்ரோ தடம் 26.1 கி.மீ. நீளத்தில் திட்டமிடப்பட்டது. பெட்டி பெரிசு, சந்தோஷம். ஆனால் கணக்கு அதேதான். ரயில் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று? மாங்காட்டிலிருந்தும் திருமழிசையிலிருந்தும் ஸ்டேஷனுக்கு வர மினி பஸ் உண்டா? வேலைக்கு ஆவடி போகிற என் அப்பாவுக்கு அந்த ரயிலால் என்ன பிரயோஜனம்?

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ ரயில் வந்தா மட்டும் போதாதுடா, நாம போய் ஏறவும் வழி வேணும்" என்றார். நான் ஒரு பக்கம் போட்ட கணக்கை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நாளை சைட்டில் நிற்கப்போகிறவர்கள் நாம். தூணை மட்டும் அளக்காமல், அதன் கீழே பஸ்ஸுக்கு நிற்கிறவரையும் கணக்கில் சேர்ப்போம்.