விடைக்கோழிக்கு எந்தத் தீவனம்?

முட்டை சீக்கிரம் வரட்டும் என்று விடைக்கோழிக்கு இப்போதே லேயர் தீவனம் போடுகிறீர்களா? நிறுத்துங்கள்.

1. 8 வாரம் முடிந்ததும் குரோயர் தீவனத்துக்கு மாற்றுங்கள். இந்த வயதுக்கு 16 சதவீதப் புரதம் போதும்.

2. லேயர் தீவனத்தை அவசரப்பட்டுத் தொடங்காதீர்கள். அதில் சுண்ணாம்புச்சத்து சுமார் 3.5 முதல் 4 சதவீதம். வளரும் கோழிக்கு 1 சதவீதமே போதும். மிச்சம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அந்தப் பாதிப்பு பிறகு சரியாவதில்லை.

3. வாரக் கணக்கைவிடக் கோழியைப் பாருங்கள். கொண்டை சிவந்து, முதுகில் கை வைத்ததும் இறக்கையை லேசாக விரித்துப் பதுங்கினால் முட்டை நெருங்கிவிட்டது. அப்போது ஒரு வாரம் பழைய தீவனத்தோடு கலந்து மாற்றுங்கள். திடீர் மாற்றத்தில் தீனி எடுப்பது குறையும்.

4. கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வையுங்கள். தேவைப்படும் கோழி கொத்திக்கொள்ளும்.

5. பூஞ்சை வாடை அடிக்கும் மூட்டையை வாங்காதீர்கள், விலை குறைத்தாலும். கோழியின் ஈரல் கெடும்.