ஐஸ் ஹாக்கியை மலையேற்றிய ரயில்

கேள்வி: பிரான்ஸில் ஐஸ் ஹாக்கி சாம்பியன் பட்டத்தை அதிக முறை வென்றது ஷாமோனி என்ற மலையூர் என்று படித்தேன். பாரீஸும் லியோனும் இருக்க, இந்தச் சிற்றூரில் அப்படி ஒரு கிளப் எப்படித் தோன்றியது?

பதில்: ரயில்தான் காரணம். இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்கள் ‘மறுபடியும் ரயிலா?’ என்று கேட்பார்கள். ஆமாம், மறுபடியும் ரயில்தான். எந்த மலையூரின் கதையைக் கிளறினாலும் அடியில் ஒரு தண்டவாளம் கிடைக்கும் என்பது என் தீர்மானமான கருத்து.

மோன் பிளாங் சிகரத்தின் அடிவாரத்தில், ஆயிரம் மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருக்கிறது ஷாமோனி. 1741இல் வின்டம், போகாக் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் அங்கிருந்த பனியாற்றைப் பார்த்துவிட்டு வந்து ஊருக்கெல்லாம் சொன்னார்கள். அன்று தொடங்கிய கூட்டம் நிற்கவில்லை. ஆனால் வந்தவர்கள் கோடையில்தான் வந்தார்கள். எலும்பைத் துளைக்கும் குளிரில் குதிரை வண்டியில் மலையேற யாருக்கு மனம் வரும்?

1901இல் ஷாமோனிக்கு மின்சார ரயில் வந்தது. குளிர்காலத்திலும் ஆட்கள் வந்தால் பிழைக்கலாம் என்று ஊருக்குப் புரிந்தது. எட்டே ஆண்டுகளில், 1909 ஜனவரியில், சர்வதேச ஐஸ் ஹாக்கிப் போட்டி ஒன்று அங்கே நடந்தது. மறு ஆண்டே ஊருக்கென்று சொந்தக் கிளப்.

நிர்வாகக் குழு, தலைவர், செயலாளர் கதைகளைத் தாண்டி நேரே பட்டங்களுக்கு வருவோம். முதல் பட்டம் 1923இல். 1963 முதல் 1968 வரை தொடர்ந்து ஆறு. கடைசிப் பட்டம் 1979இல். மொத்தம் 30. அதற்குப் பிறகு ஒன்றுகூட வெல்லவில்லை, ஆனாலும் வேறு எந்தப் பிரெஞ்சுக் கிளப்பும் இன்றுவரை அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை.

பாரீஸ் ஏன் பின்தங்கியது? அங்கே பனித்தளம் என்பது காசு கொடுத்து உள்ளே போகும் இடம். ஷாமோனியில் அது வாசலிலேயே உறைந்து கிடந்தது. நடக்கக் கற்ற கையோடு சறுக்கக் கற்ற பிள்ளைகளை யாரால் ஜெயிக்க முடியும்?

கேள்வி: 1909 போட்டியில் கோப்பை யாருக்கு?

பதில்: லண்டனின் பிரின்ஸஸ் கிளப்புக்கு. ஆனால் என் மனம் வென்றவர்களிடம் நிற்கவில்லை. கடைசியில் வந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

பொஹேமியாவிலிருந்து, அதாவது இன்றைய செக் நாட்டிலிருந்து, ஒரு குழு வந்திருந்தது. அவர்கள் ஊரில் பனிமேல் பந்து வைத்து ஆடிப் பழகியவர்கள். ஷாமோனியில் வந்து பார்த்தால் பந்து இல்லை, தட்டையான ரப்பர் வில்லை! பக் என்கிறோமே, அதுதான். பந்தை அடிக்கிற மட்டையோடும் பந்தைத் துரத்துகிற பழக்கத்தோடும் அதற்கு எதிரே நின்றார்கள். பிரான்ஸிடம் 1-8. பிரிட்டனிடம் 0-11. சுவிட்சர்லாந்திடம் 3-8. பெல்ஜியத்திடம் 1-4. ஆடிய எல்லாவற்றிலும் தோல்வி.

வேறு யாராவது என்றால் மட்டையை ஒடித்து அடுப்பில் போட்டிருப்பார்கள். இவர்கள் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1911இல், பெர்லினில் ஐரோப்பிய சாம்பியன்கள்! 1998இல் நகானோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற செக் ஹாக்கியின் சர்வதேசக் கணக்கு ஷாமோனியில்தான் திறக்கப்பட்டது. ஷாமோனியின் 30 பட்டங்களோடு இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

கேள்வி: ஒலிம்பிக்கில் ஐஸ் ஹாக்கி முதன்முதலில் ஆடப்பட்டதும் ஷாமோனியில்தானே?

பதில்: இல்லவே இல்லை. பொது அறிவுப் புத்தகங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிழை இது. ஒலிம்பிக்கில் ஐஸ் ஹாக்கி நுழைந்தது 1920இல், பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில், அதுவும் கோடை ஒலிம்பிக்கின் பகுதியாக. ஏப்ரல் மாதத்தில் கூரைக்குள் ஆடினார்கள். தங்கம் கனடாவின் வின்னிபெக் ஃபால்கன்ஸ் அணிக்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1924 ஜனவரி 25 அன்று ஷாமோனியில் தொடங்கிய விழாவுக்கு அப்போது ‘குளிர்கால ஒலிம்பிக்’ என்ற பெயரே கிடையாது. ‘சர்வதேசக் குளிர்கால விளையாட்டு வாரம்’ என்றுதான் நடத்தினார்கள். அதுவே முதல் குளிர்கால ஒலிம்பிக் என்ற அங்கீகாரம் 1926இல்தான் வந்தது. வாரம் என்று பெயர் வைத்துவிட்டுப் பிப்ரவரி 5 வரை ஆடினார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த ஹாக்கி ஆட்டங்கள் திறந்தவெளியில், இயற்கைப் பனிமேல் நடந்தன. தொடங்குவதற்குச் சில நாள் முன்பு மழை கொட்டி மைதானமே குளமாகிவிட்டது. கடைசி நேரத்தில் அடித்த குளிர்தான் விழாவைக் காப்பாற்றியது. தளத்தைச் சுற்றி இன்று மார்பளவு உயரத்துக்குத் தடுப்பு இருக்கிறதல்லவா? அன்று இருந்தது ஏறக்குறைய ஓர் அடிப் பலகை. வேகமாக அடித்தால் பக் பலகையைத் தாண்டிப் பனிக்குவியலில் விழும்.

அந்த நிலையிலும் கனடாவின் டொரன்டோ கிரானைட்ஸ் அணி ஐந்து ஆட்டங்களில் 110 கோல் போட்டது. வாங்கியது மூன்றே மூன்று. சுவிட்சர்லாந்தை 33-0 என்று வென்றார்கள். போட்டியை நடத்திய பிரான்ஸும் அமெரிக்காவிடம் 0-22 என்று தோற்றது. கனடா வீரர்கள் அட்லான்டிக்கைக் கப்பலில் கடந்தார்கள். ஷாமோனிக்கு எதில் ஏறி வந்திருப்பார்கள் என்பதை வாசகர்களே சொல்லிவிடுவீர்கள்.

கேள்வி: ஐஸ் ஹாக்கித் தளத்தில் வெந்நீர் ஊற்றுவார்களாமே, உருகிவிடாதா?

பதில்: உருகும். உருகத்தான் ஊற்றுகிறார்கள். ஸ்கேட் கத்திகள் கீறிய மேல்பரப்பை இயந்திரம் முதலில் சீவி எடுக்கும். பிறகு மெல்லிய படலமாக வெந்நீரை விடும். அது அடிப்பனியைக் கொஞ்சம் இளக்கி, அதோடு சேர்ந்து உறையும். வெந்நீரில் கரைந்திருக்கும் காற்று குறைவு என்பதால் பனி குமிழியில்லாமல் கெட்டியாக இறுகும். இந்த இயந்திரத்தை 1949இல் கலிபோர்னியாவில் உருவாக்கியவர் ஃபிராங்க் ஸம்போனி. அதற்கு முன்பு இந்த வேலைக்கு ஆட்களும் மண்வெட்டியும் துடைப்பமும்தான்.

கேள்வி: ஃபிராங்கன்ஸ்டைன் கதைக்கும் ஷாமோனிக்கும் தொடர்பு உண்டா?

பதில்: ஹாக்கியிலிருந்து எங்கேயோ போய்விட்டீர்கள். இருந்தாலும் உண்டு. மேரி ஷெல்லி 1816 ஜூலையில் ஷாமோனிக்கு வந்து, கோவேறு கழுதையில் ஏறி மேர் த கிளாஸ் பனியாற்றைப் பார்த்தார். 1818இல் வெளியான நாவலில் ஃபிராங்கன்ஸ்டைனும் அவர் படைத்த உருவமும் நேருக்கு நேர் நின்று பேசுவது அந்தப் பனியாற்றின் மேல்தான். 1909இல் அங்கே பல்சக்கர ரயில் போய்ச் சேர்ந்தது. ஆம், ஹாக்கிப் போட்டி நடந்த அதே 1909!

அன்று பனியாறு அந்த ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இன்று அதே இடத்தில் நின்று குனிந்து தேட வேண்டும். அவ்வளவு ஆழத்துக்கு இறங்கிவிட்டது. பூமி சூடாவதைப் பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் அங்கே ஒருமுறை போய்வர வேண்டும்.

ஹாக்கியும் கூரைக்குள் போய் வெகுநாளாகிறது. இயற்கைப் பனியை நம்பி இனி யாரும் அட்டவணை போட முடியாது. 2016இல் பக்கத்து மோர்சின்-அவோரியா கிளப்போடு கைகோத்த ஷாமோனி அணி, ‘பியோனியே’ என்ற பெயரை ஏற்றது. பணபலமுள்ள நகர அணிகளோடு மோதும் மலையூருக்கு அந்தக் கூட்டு தேவைப்பட்டது. பிரான்ஸில் வளர்ந்து வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக் வரை போன முதல் வீரர் பிலிப் போஸோன் பிறந்ததும் இந்த ஊரில்தான். அப்படிப்பட்ட ஊர் தன் அணியைக் கைவிடக் கூடாது.

ஆல்ப்ஸ் போகும் வாய்ப்புக் கிடைத்தால் சிகரத்தோடு திரும்பிவிடாதீர்கள். ஓர் ஆட்டத்துக்கும் டிக்கெட் எடுங்கள். மலை வருடம் முழுக்க இருக்கும். லீக் ஆட்டங்கள் செப்டம்பரில் தொடங்கி வசந்தம் வந்ததும் முடிந்துவிடும்.