சாடில் சிகரத்தில் இருநாள் முகாம்: காலம் குறிக்கும் முறை

குளிர்நாடுகளில் கோடைக்குப் பின்வரும் இலையுதிர் காலம் மலைமுகாமுக்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது. வெப்பம் தணிகிறது, கோடையின் கூட்டமும் குறைகிறது. இதனை நூல்களிற் படித்த ஒருவர், அதே அக்டோபர், நவம்பர் மாதங்களில் அந்தமான் மலைகளில் முகாமிட முனைவாராயின் பெரும் இடருக்கு உள்ளாவார். தமிழர் வகுத்த ஆறு பருவங்களுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம் ஆகும். அது மழையும் வாடையும் சேர்ந்த பருவம். ஆகவே முகாமுக்குரிய நாளைப் பருவத்தின் பெயரைக் கொண்டு குறித்தல் தகாது. அவ்விடத்தின் மழையையும் பகலொளியையும் அளந்தே குறித்தல் வேண்டும்.

இடம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மிக உயர்ந்த மலை, வட அந்தமானில் திக்லிப்பூருக்கு அருகிலுள்ள சாடில் சிகரம் ஆகும். இதன் உயரம் 732 மீட்டர். கல்போங் ஆறு இம்மலையில் தோன்றுகிறது. மலையும் அதனைச் சூழ்ந்த பசுமைமாறாக் காடும் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. காளிப்பூர்க் கடற்கரைக்கு அப்பாலுள்ள லாமியா விரிகுடாவிலிருந்து சிகரத்துக்கு ஒற்றையடிப் பாதை செல்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். தொடக்கத்தில் கரையை ஒட்டிச் சென்று, பின்னர் இப்பாதை செங்குத்தாக ஏறுகிறது.

மழை

இத்தீவுகள் ஆண்டுதோறும் இரு பருவமழைகளைப் பெறுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்திலேயே இங்கு வந்துவிடுகிறது. அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். வங்கக் கடலில் புயல்கள் உருவாகும் காலமும் இதுவே. 2013 நவம்பர் 25-இல் லெஹர் புயலும், 2014 அக்டோபர் 8-இல் ஹூட்ஹூட் புயலும் அந்தமான் தீவுகளைக் கடந்தன. 2016 டிசம்பரில் கப்பல் போக்குவரத்து நின்றமையால், ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குச் சென்றிருந்த நூற்றுக்கணக்கானோர் திரும்ப வழியின்றித் தங்க நேர்ந்தது. சனவரி முதல் மார்ச் வரையுள்ள மாதங்களே மழை குறைந்தவை. ஆதலின் அமைதியான முகாமுக்கு அவையே உகந்தவை.

பகலொளி

மழைக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது கடிகாரம். இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. திக்லிப்பூரோ ஏறத்தாழ 93 பாகையில் உள்ளது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். எனவே 10½ பாகைக்கு 42 நிமிடம் முன்னதாகவே அங்கு ஞாயிறு எழுந்து மறைகிறது. நவம்பர் நடுவில் சென்னையில் மாலை 5-40 மணியளவில் மறையும் ஞாயிறு, திக்லிப்பூரில் 4-50 மணிக்கு முன்பே மறைந்துவிடும். சனவரி நடுவில் அங்கு 5-10 மணியளவில் மறையும். அடர்ந்த மரங்களின் கீழ் இருள் இன்னும் விரைந்து சூழும்.

நடைக் கணக்கு

மலைநடைக்கு வேண்டிய நேரத்தை மதிப்பிட, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நேய்ஸ்மித் என்பார் 1892-இல் ஒரு விதியைக் கூறினார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணியும், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கு மற்றொரு மணியும் கணக்கிடல் வேண்டும் என்பது அதன் சாரம். சாடில் சிகரத்துக்கு நடைக்கு 96 நிமிடமும், ஏற்றத்துக்கு 73 நிமிடமும் ஆக 169 நிமிடம் கிடைக்கிறது. ஆனால் இவ்விதி நல்ல தரைக்கும் பழகிய காலுக்கும் உரியது. வேரும் சேறும் நிறைந்த பாதையில் மாணாக்கரை அழைத்துச் செல்வோர் அதனுடன் பாதியைக் கூட்டி, நான்கேகால் மணி எனக் கொள்ளுதல் நன்று. இறங்குவதற்கு மூன்றரை மணி ஒதுக்கலாம்.

சனவரியில் காலை 6 மணிக்குப் புறப்படும் குழு 10-15-க்கு உச்சியை அடையும். முக்கால் மணி இளைப்பாறி 11 மணிக்குத் திரும்பினால் பிற்பகல் 2-30-க்கு அடிவாரம் சேரலாம். எவரேனும் கால் சுளுக்கினும் இரண்டரை மணிக்கு மேற்பட்ட ஒளி எஞ்சியிருக்கும். 9 மணிக்குப் புறப்படும் குழுவோ 5-30-க்கே கீழே வரும். அதற்கு முன்பே இருள் வந்துவிடும். ஆகவே 11 மணியானதும், உச்சியை அடையாவிடினும், திரும்பிவிட வேண்டும் என்பதை முன்கூட்டியே அனைவருக்கும் அறிவித்தல் வேண்டும்.

தங்குதலும் ஆயத்தமும்

பூங்காவினுள் நுழைய வனத்துறையின் அனுமதி பெறுதல் வேண்டும். இரவில் தங்குவதைப் பூங்காவுக்கு வெளியே காளிப்பூர்ப் பகுதியில் வைத்துக்கொண்டு, மலையைப் பகலில் மட்டும் ஏறுதல் பாதுகாப்பானது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அக்கரையில் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. வெளிச்சமும் ஓசையும் அவற்றை விரட்டும். ஆதலால் மணற்பரப்பில் நெருப்பு மூட்டுதலும் விளக்கேற்றுதலும் கூடா. கழிமுகங்களில் உவர்நீர் முதலைகள் உண்டு. அங்கு நீராடுதல் ஆகாது.

ஒவ்வொருவரும் மூன்று லிட்டர் குடிநீரேனும் எடுத்துச் செல்லல் வேண்டும். ஓடைநீரைக் கொதிக்கவைத்தே பருகுதல் வேண்டும். கொசுவலை, அட்டை ஏறாதபடி நீண்ட காலுறை, மழையங்கி, கைவிளக்கு, முதலுதவிப் பெட்டி ஆகியன இன்றியமையாதவை. புறப்படுமுன் வானிலைத் துறையின் அறிவிப்பைக் கேட்டறிதலும், திரும்பும் நேரத்தை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்தலும் வேண்டும்.

வகுப்புப் பயிற்சி

மாணாக்கர் தம் ஊருக்கு அண்மையிலுள்ள குன்று ஒன்றின் தொலைவையும் உயரத்தையும் நிலப்படத்திலிருந்து அறிந்து, மேற்கூறிய விதிப்படி ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் கணக்கிடுக. அந்நாளில் ஞாயிறு மறையும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பாக அடிவாரம் சேர, எப்பொழுது புறப்படல் வேண்டும், எப்பொழுது திரும்பிவிடல் வேண்டும் என்பவற்றைக் காண்க.