புயல் புகட்டும் பாடம்

மலைவளமும் கடல்வளமும் ஒருங்கே பெற்ற நம் குமரி மாவட்டத்திற்குப் புயல் அரிய விருந்தாளி. அந்த விருந்தாளி 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி என்னும் பெயரோடு வந்தது. ரப்பரும் வாழையும் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்தன. ஊர்கள் பல நாட்கள் இருளில் மூழ்கின. பத்மநாபபுரம் போன்ற உள்ளூர்களில் நாம் விழுந்த மரங்களை எண்ணினோம். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய கடற்கரை ஊர்களிலோ திரும்பி வராத தந்தையரையும் தமையன்மாரையும் எண்ணினார்கள். தமிழகத்திலும் கேரளத்திலுமாக இறந்தோரும் காணாமற்போனோரும் 300க்கு மேற்பட்டோர்.

இத்தனை உயிர்கள் ஏன் பலியாயின? முந்தின நாள் எச்சரிக்கை வந்தபோது, ஆழ்கடல் மீனவர் பலர் முன்னரே கடலுக்குச் சென்றுவிட்டனர். கரையிலுள்ள கம்பியில்லாக் கருவியின் குரல் அத்தனை தூரம் எட்டவில்லை.

'ஒக்கி' என்பது வங்கமொழியில் கண். இப்பெயரைத் தந்த வங்கதேசம் புயலின் கொடுமையை நம்மினும் நன்கறியும். 1970 நவம்பர் 12 இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானாயிருந்த அந்நாட்டின் போலா தீவையும் சுற்றுப்புறங்களையும் கடல் பொங்கி விழுங்கியது. குறைந்தது 3 லட்சம் பேர் மாண்டனர். உலக நாடுகள் உணவும் உடையும் மருந்தும் ஹெலிகாப்டர்களும் அனுப்பின. உயிர் பிழைத்தோருக்கு அவை உதவின. மாண்டோரை மீட்க எந்த உதவியாலும் இயலுமோ?

ஆகவே 1972-ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியால் அங்கே புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் தொடங்கியது. தொண்டர்கள் ஒலிபெருக்கியும் கொடியும் ஏந்தி வீடுவீடாகச் சென்று எச்சரிக்கின்றனர். இன்று அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள். பலன் ஒரே நாளில் கிட்டவில்லை. 1991 புயலிலும் 1,38,000 பேர் இறந்தனர். எனினும் புயல் காப்பகங்கள் பெருகின, எச்சரிக்கையும் விரைந்தது. 2020-ல் ஆம்பன் புயல் வந்தபோது 20 லட்சத்திற்கும் அதிகமானோர் முன்னதாகவே காப்பகம் சேர்ந்தனர். அங்கே உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது.

நம் நாட்டிலும் ஒக்கிக்குப் பின், ஆழ்கடலில் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் கருவிகள் படகுகளுக்கு வழங்கப்பட்டன.

துயருற்றோருக்கு அரிசியும் ஆடையும் திரட்டுவது நற்செயல். அதனோடு, வானிலை அறிக்கையைக் கேட்டு, அதனைப் பாட்டிக்கும் அண்டை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்வதும் உயிர் காக்கும் தொண்டே. வெள்ளம் வருமுன் அணை போடு என்பது நம் முன்னோர் மொழி. மாணவிகளாகிய நாம் அதனை இன்றே நம் இல்லத்தில் தொடங்குவோமாக.