பிரசவ ஊசியும் சூடு தாங்கும் அதன் தங்கையும்



ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்த உடனே நர்சம்மா தாய்க்கு ஒரு ஊசி போடுவாங்க. நம்மில் பலருக்கு அது நினைவிலேயே இருக்காது. ஆண் குழந்தையா, பெண் குழந்தையா என்று பார்க்கிற நேரம் அது. அந்த ஊசியின் பெயர் ஆக்ஸிடோசின். கறவை மாட்டுக் கடன் வாங்கிய உறுப்பினர்களுக்கு இந்தப் பெயர் வேறு வழியிலும் தெரிந்திருக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

எதற்கு இந்த ஊசி? நஞ்சு பிரிந்து வந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் திறந்தபடி இருக்கும். கர்ப்பப்பை இறுகிச் சுருங்கினால்தான் அவை மூடும். தளர்ந்து கிடந்தால் உதிரம் நிற்காது. பிரசவமான 24 மணி நேரத்துக்குள் அரை லிட்டரோ அதற்கு மேலோ போனால் அது பெரும் உதிரப்போக்கு. உலகில் ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 40 லட்சம் தாய்மாருக்கு இது வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு இதைவிடக் குறைவாகப் போனாலே ஆபத்துதான்.

ஆக்ஸிடோசின் நம் உடம்பிலேயே சுரக்கிற பொருள். பெப்டைடு என்ற வகையைச் சேர்ந்தது. புரதம் என்பது நீளமான மணிமாலை என்றால், பெப்டைடு சின்னத் துண்டு மாலை. இதில் இருப்பது 9 மணிகள் மட்டுமே. அமெரிக்க விஞ்ஞானி வின்சென்ட் டு விக்னோ 1953-இல் இதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார். 1955-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மருந்துக்கு ஒரு பலவீனம், சூடு ஆகாது. 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில், வெயிலில் பெட்டியைத் தூக்கிச் செல்கிற வழியில், அது வீரியம் இழந்துவிடலாம். இழந்தது கண்ணுக்கும் தெரியாது, குப்பியில் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஊசி போட்டாச்சு என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள், உதிரம் மட்டும் நிற்காது.

அதனால்தான் இதன் தங்கை மாதிரியான கார்பெடோசின் என்ற பெப்டைடு பக்கம் கவனம் திரும்பியது. மாலையைக் கொஞ்சம் மாற்றிக் கோத்தது இது, உடம்பில் கூடுதல் நேரம் நிற்கும். இதிலும் சூடு தாங்கும் ஒரு வகையைத் தயாரித்தார்கள். 30 டிகிரி வெப்பத்திலும் மூன்று ஆண்டு வரை கெடாது.

கெடாமல் இருந்தால் போதுமா? வேலை செய்யணுமே! உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 10 நாடுகளில் 29,645 தாய்மாரிடம் சோதித்துப் பார்த்தது. பாதிப் பேருக்குப் பழைய ஊசி, பாதிப் பேருக்குப் புதியது. யாருக்கு எது என்று தாய்க்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. முடிவு 2018-இல் வந்தது. அரை லிட்டருக்கு மேல் உதிரம் போனவர்கள், அல்லது கூடுதல் மருந்து தேவைப்பட்டவர்கள், இரண்டு பக்கமும் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குச் சற்று மேல். புதியது பழையதை ஜெயிக்கவில்லை, சமமாக நின்றது. புதுசு என்றாலே உசத்தி என்று நினைக்கிற நமக்கு இது சப்பென்று இருக்கலாம். ஆனால் அந்தச் சோதனையில் இரண்டு மருந்தையுமே குளிரில்தான் வைத்திருந்தார்கள். குளிர்பெட்டி நம்பகமில்லாத இடத்தில்தான் தங்கையின் அருமை தெரியும். 2019-இல் இது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது.

ஒரு வேலைக்கு நிரூபித்த மருந்து இன்னொரு வேலைக்கும் ஆகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உதிரப்போக்கு வராமல் தடுப்பது ஒன்று, வந்த பிறகு நிறுத்துவது வேறு. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். பிறவியிலேயே அடங்காத பசியோடு வாழ்கிற பிராடர்-வில்லி என்ற நோய்க்கு இதே கார்பெடோசினை மூக்கில் அடிக்கும் மருந்தாகச் சோதித்தார்கள். 2025-இல் வந்த முடிவில், வெறும் திரவம் தந்தவர்களைவிடப் பலன் இல்லை என்று தெரிந்து கைவிட்டார்கள். பிரசவ வலி வரவைக்கவும் கார்பெடோசின் கூடவே கூடாது. உடம்பில் நீண்ட நேரம் நிற்பதால் குழந்தைக்கு ஆபத்து. ஆக்ஸிடோசினை வலிக்குக் கொடுப்பார்கள்தான், ஆனால் ஆஸ்பத்திரியில், டாக்டர் கண்காணிப்பில், சொட்டுச் சொட்டாக. "சீக்கிரம் பிறக்கட்டும்" என்று வீட்டில் யாராவது போட்டால் கர்ப்பப்பையே கிழியலாம்.

மாட்டு விஷயம். பால் இறங்க என்று சிலர் மாட்டுக்குப் போடுவதும் இந்த ஆக்ஸிடோசின்தான். கால்நடை டாக்டர் சொல்லாமல் போடக் கூடாது. பால் கறப்பதற்காக மாட்டின் உடல்நலம் கெடும்படி ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இந்தத் தவறான உபயோகத்தைத் தடுக்கத்தான் 2018-இல் மத்திய அரசு தனியார் தயாரிப்பையே நிறுத்தப் பார்த்தது. தாய்மாருக்கு மருந்து தட்டுப்படும் என்ற வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை அதே ஆண்டு டிசம்பரில் ரத்து செய்தது. கறவைக்காரர் செய்த வேலை பிரசவ வார்டு வரை போனது பாருங்கள்!

புதிய மருந்துச் சோதனையில் சேரச் சொல்லி உங்களைக் கேட்டால், நம் மொழியில் விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். மறுக்கலாம். மறுத்ததற்காக வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர 2019-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

மாசமாக இருக்கும் உறுப்பினர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: குழந்தை பிறந்ததும் ஊசி போட்டாச்சா என்று துணைக்குப் போகிறவர் கேட்கட்டும். வீடு திரும்பிய பிறகு துணி சட்டென்று நனைந்துகொண்டே இருந்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, தலை சுற்றினாலோ, விடியட்டும் என்று இருக்காமல் உடனே 108-க்குக் கூப்பிடுங்கள்.