சிறிய கிழங்கை விதைக்கு வைக்கலாமா?

கறிபாப்பின் உள்ளே இருக்கும் உருளைக்கிழங்கை நாம் எல்லாரும் அறிவோம். அதன் செடியை நேரில் பார்த்தவர்கள் நம்மில் மிகக் குறைவு. இதற்குக் காரணம் வெப்பநிலை. இரவு வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மண்ணுக்கடியில் கிழங்கு உருவாவது குறைந்துவிடும். அதனால் நம் சமவெளிகளில் இப்பயிர் எடுபடுவதில்லை.

ஆனால், நம்மைப் போலவே நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கும் கென்யாவில் மக்காச்சோளத்திற்கு அடுத்த முக்கிய உணவுப்பயிர் உருளைக்கிழங்குதான். நியாண்டாருவா, நகுரு, மேரு போன்ற மாவட்டங்களில் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலுள்ள மேட்டு நிலங்களின் குளிர்ச்சி அதற்குக் கைகொடுக்கிறது.

அங்கே இதைப் பயிரிடுவோரில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். ஒரு ஹெக்டரில் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 10 டன்னைச் சுற்றியே இருக்கிறது. நல்ல விதையும் பராமரிப்பும் இருந்தால் 20 டன்னுக்கு மேல் எடுக்கலாம். இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் விவசாயிகளுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. அந்தப் பயிற்சியில் நாம் கற்க வேண்டிய அறிவியலும் இருக்கிறது.

விதை என்பது கிழங்கே

உருளைக்கிழங்கு வேரன்று, அது உருமாறிய தண்டு. அதன் மேலுள்ள ஒவ்வொரு 'கண்'ணும் ஒரு மொட்டு. கிழங்கை நட்டால் கண்கள் முளைத்துப் புதிய செடியாகும். இது பாலிலா இனவிருத்தி. புதிய செடி தாய்ச்செடியின் நகலாகவே இருக்கும்.

இதில் ஒரு நன்மை உண்டு. நல்ல செடியின் குணங்கள் அப்படியே தொடரும். அதே வழியில் ஓர் ஆபத்தும் வருகிறது. தாய்ச்செடியில் இலைச்சுருள் வைரஸ் இருந்தால் அது கிழங்குக்குள் புகுந்து அடுத்த செடிக்கும் போய்ச் சேரும். செடிப்பேன்கள் சாற்றை உறிஞ்சும்போது அதைப் பக்கத்துச் செடிக்கும் பரப்பும். இப்படிப் பருவத்துக்குப் பருவம் நோய் சேர்ந்துகொண்டே போக, விளைச்சலும் குறைந்துகொண்டே போகும்.

தலைகீழான தேர்வு

அறுவடைக்குப் பின் விவசாயி என்ன செய்வார்? பெரிய கிழங்குகளை விற்பார், நடுத்தரமானவற்றைச் சமைப்பார், விலைபோகாத சிறியவற்றை அடுத்த நடவுக்கு ஒதுக்குவார். பணம் தேவைப்படும் குடும்பத்தில் இது இயல்பான முடிவு.

ஆனால் சிறிய கிழங்குகள் எங்கிருந்து வந்தன? நல்ல செடியிலும் சில சிறிய கிழங்குகள் இருக்கும். நோயுற்ற செடியிலோ பெரும்பாலானவை சிறியவையே. ஆகவே சிறிய கிழங்குகளின் குவியலில் நோயுற்ற செடிகளின் பங்கு அதிகம். தம்மை அறியாமலே விவசாயிகள் நோயைத் தேர்ந்தெடுத்து நட்டுக்கொண்டிருந்தார்கள்!

சான்றளிக்கப்பட்ட நோயற்ற விதைக்கிழங்கு கென்யாவில் கிடைக்கிறது. ஆனால் அதன் விலை அதிகம், அளவு குறைவு. அதை வாங்க முடியாதவருக்கு வேறு வழி வேண்டும்.

குச்சி நடும் பாடம்

கென்யாவின் வேளாண் ஆராய்ச்சிக் கழகமும், பெரு நாட்டின் லீமா நகரில் 1971இல் தொடங்கப்பட்ட அனைத்துலக உருளைக்கிழங்கு மையமும் சேர்ந்து ஓர் எளிய முறையை விவசாயிகளுக்குக் கற்றுத் தந்தன. அது இதுதான்:

1. செடிகள் பூக்கத் தொடங்கும் சமயத்தில் வயலுக்குள் நடந்து, இலை சுருளாத, நிறம் மாறாத, செழிப்பான செடிகளின் அருகே மட்டும் ஒரு குச்சியை நட வேண்டும்.
2. சுமார் இரண்டு வாரங்களில் மீண்டும் பார்க்க வேண்டும். இடையில் நோய் தெரிந்த செடிகளின் குச்சியைப் பிடுங்கிவிட வேண்டும்.
3. குச்சியுள்ள செடிகளை முதலில், ஒவ்வொன்றாகத் தோண்ட வேண்டும். கிழங்குகள் குறைவாகவோ கோணலாகவோ இருந்தால் அந்தச் செடியின் கிழங்கு முழுவதையும் விதையிலிருந்து ஒதுக்கிவிட வேண்டும்.

ஏன் பூக்கும் சமயம்? அறுவடை நெருங்கினால் எல்லா இலைகளும் மஞ்சளாகிவிடும். அப்போது முதுமை எது, நோய் எது என்று பிரித்தறிய முடியாது.

பயிற்சியில் ஒரே நிலத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் வழக்கமான விதையையும் மறுபாதியில் குச்சியிட்டுத் தேர்ந்த விதையையும் நட்டார்கள். மண், மழை, உரம் எல்லாம் ஒன்றே. விதை மட்டும் வேறு. நம் ஆய்வகத்தில் மாறிகளைக் கட்டுப்படுத்துகிறோம் அல்லவா, அதே நியாயமான சோதனைதான். தேர்ந்த விதையிட்ட பாதிகளில் விளைச்சல் சராசரியாக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியது.

இந்த முறை நோயைக் குணப்படுத்தாது, குறைக்கும், அவ்வளவுதான். குறிப்பாக, பாக்டீரியா வாடல் நோய் வெளியே தெரியாமல் கிழங்குக்குள் ஒளிந்திருக்கலாம். செடி வாடினால் அதன் தண்டை வெட்டித் தெளிந்த நீரில் தொங்கவிட்டுப் பார்க்கிறார்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழைகள் இறங்கினால் பாக்டீரியா உறுதி. அந்த நிலத்திலிருந்து விதை எடுக்கக்கூடாது.

கணக்குப் புத்தகமும் தராசும்

விளைச்சல் கூடினால் வருமானமும் கூடுமா? இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கீழுள்ள எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே.

ஒருவருக்கு ஆன செலவு 60,000 ஷில்லிங். விளைந்தது 4,000 கிலோ. ஒரு கிலோவுக்கு அடக்கவிலை 15 ஷில்லிங். ஒரு சாக்கின் விலை 2,000 ஷில்லிங் என்றால், 100 கிலோ சாக்கில் கிலோவுக்கு 20 ஷில்லிங் கிடைக்கும். ஆனால் வியாபாரிகள் சாக்கின் வாயில் வலையைத் தைத்து உயர்த்தி, அதே விலைக்கு 160 கிலோ அடைத்துக்கொண்டால் கிலோவுக்கு 12.50 ஷில்லிங்தான். அவருடைய வரவு 50,000, நட்டம் 10,000.

நல்ல விதையால் 5,000 கிலோ விளைந்தால்? அதே சாக்கு முறையில் வரவு 62,500. இலாபம் 2,500 மட்டுமே. எடைபோட்டுக் கிலோ 20 ஷில்லிங்குக்கு விற்றால் வரவு 100,000; இலாபம் 40,000. நல்ல விதை நட்டத்தைத் தடுத்தது. தராசு சேர்ந்த பிறகே உழைப்புக்குப் பலன் கிடைத்தது.

அதனால்தான் பயிற்சியில் செலவுக் கணக்கு எழுதுவதும், எடைபோட்டு விற்பதும், குழுவாகச் சேர்ந்து விலை பேசுவதும் பாடங்களாக உள்ளன. ஒரு சாக்கு 50 கிலோவைத் தாண்டக்கூடாது என்று கென்யா 2019இல் விதி கொண்டுவந்தது. எனினும் எல்லாச் சந்தைகளிலும் அது முழுமையாகப் பின்பற்றப்படுவதில்லை. தனியாக நிற்கும் விவசாயியால் விதியைச் சுட்டிக்காட்டிப் பேசுவது கடினம். குழுவுக்கு அது எளிது.

இங்கும் உயிரியல் குறுக்கிடுகிறது. அங்கு அதிகம் பயிராகும் ஷாங்கி ரகத்தின் உறக்கக் காலம் மிகக் குறுகியது. அறுவடையானதும் விரைவில் முளைவிடும். விலை ஏறும்வரை காத்திருக்க முடியாமல் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்கிறார்கள், விலை சரிகிறது. எந்த ரகத்தை நடுவது என்பதும் ஒரு வணிக முடிவுதான்.

செய்து பாருங்கள்

விதைக்கிழங்கை இருட்டில் வைக்காமல், நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் பரப்பி வைக்கும்படி பயிற்சியில் சொல்கிறார்கள். ஏன் என்று நீங்களே கண்டறியலாம். ஒரே அளவிலான இரண்டு கிழங்குகளில் ஒன்றை மூடிய பெட்டியிலும் மற்றொன்றைச் சன்னலுக்குச் சற்றுத் தள்ளியும் மூன்று வாரங்கள் வையுங்கள். முளைகளின் நீளம், தடிமன், நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பச்சையான கிழங்கில் சோலனின் என்னும் நச்சு கூடியிருக்கும்; அதைச் சமைக்காதீர்கள்.

பிறகு இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள்:

1. எந்த முளை நடும்போது எளிதில் ஒடியும்? ஏன்?
2. இச்சோதனையில் நீங்கள் மாற்றிய மாறி எது? மாறாமல் வைத்தவை எவை?
3. மேலே உள்ள கணக்கில், விளைச்சல் 4,000 கிலோவாகவே இருந்து, எடைபோட்டுக் கிலோ 20 ஷில்லிங்குக்கு விற்றால் இலாபம் எவ்வளவு? அந்த விவசாயி முதலில் கற்க வேண்டியது எது என்று நினைக்கிறீர்கள்?