காட்டுப் படம் எடுக்க வரும் பிள்ளைகளுக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு, அறிவியல் நாவல் ஒன்றைக் காட்டுச் சாகசப் படமாக்க வேண்டும் என்று ஆசை. நல்ல ஆசை. அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்.

1. முன்னோடியை அறியுங்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தின் டி.ஆர். சுந்தரம் 1952-லேயே அமெரிக்கர்களோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ எடுத்தார், தமிழில் ‘காடு’. இயக்கம் வில்லியம் பெர்க். நடிப்பு ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர். அழிந்துபோன மாமூத் என்ற சடை யானை இந்தியக் காட்டில் இன்னும் உயிரோடிருந்தால் என்பதுதான் கதை. கிராஃபிக்ஸ் இல்லாத காலம். நிஜ யானைகளுக்கே சடைரோமம் போர்த்தி நடக்கவிட்டார்கள். கருவி இல்லை என்று நீங்கள் தயங்க வேண்டாம்.

2. நாற்றை வேரோடு பறிப்போம், மண்ணை உதறிவிட்டு நடுவோம். நாவலையும் அப்படியே எடுங்கள். வேர் என்பது அதன் அறிவியல் கேள்வி. மைக்கேல் கிரைட்டன் 1980-ல் எழுதிய ‘காங்கோ’வில் ஏமி என்ற கொரில்லா சைகையில் பேசும். 1995-ல் ஃபிராங்க் மார்ஷல் எடுத்த படத்தில் அந்தச் சைகையைக் குரலாக்கும் கருவியை அதன் கையில் மாட்டினார்கள். மனிதரோடு விலங்கு பேச முடியுமா என்ற கேள்வி அப்படியே இருந்தது; சொன்ன விதம்தான் மாறியது.

3. விளக்கத்தைக் காட்சியாக்குங்கள். அம்பர் என்ற கல்லாகிப்போன மரப்பிசினில் சிக்கிய கொசுவின் வயிற்று ரத்தத்திலிருந்து டைனோசரை உருவாக்கும் கதையை, 1993-ல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ ஒரு சின்ன கார்ட்டூனில் சொல்லி முடித்துவிடும். கதைக்கு அதுவே போதும்.

4. காட்டை நம் பக்கத்திலேயே தேடுங்கள். காவிரியின் கிளைகளான பாமணியாறும் கோரையாறும் கடலைத் தொடுமிடத்தில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இருக்கிறது. சேற்றைத் துளைத்து மேலே நிற்கும் மூச்சு வேர்கள், படகு மட்டுமே போகும் வாய்க்கால்கள், பால் பட்டால் கண்ணை எரிக்கும் தில்லை மரம். கிழக்கே கோடியக்கரையில் வெளிமானும், காட்டில் திரியும் குதிரையும், பூநாரையும். இந்தக் காட்டின் விதிகளிலிருந்தே ஆபத்தும் திருப்பமும் பிறக்கட்டும். அமேசானைக் கடன் வாங்காதீர்கள்.

5. அங்கே வாழ்பவரை வில்லனாகவோ வேடிக்கைப் பொருளாகவோ ஆக்காதீர்கள். பழைய காட்டுப் படங்களின் பெருங்குறை அது. வாய்க்காலை அறிந்த மீனவர்தான் உங்கள் கதையின் அறிவாளி. வசனம் எழுதுமுன் அவரோடு படகில் போய்க் கேளுங்கள்.

6. நாவலின் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் எழுத்தாளரையே திரைக்கதைக்கு அழையுங்கள். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா 1986-ல் ‘விக்ரம்’ படத்துக்குக் கதை தந்து அப்படித்தான் உழைத்தார்.

7. வனத்துறை அனுமதியின்றிக் காலெடுத்து வைக்காதீர்கள். முத்துப்பேட்டை, 2018 நவம்பரில் கஜா புயல் முறித்த காடு. விளக்கும் இரைச்சலும் குறைவாக, ஆட்கள் கொஞ்சமாகப் போங்கள். ஒரு கிளை முறிந்துதான் ஷாட் கிடைக்கும் என்றால் அந்த ஷாட் வேண்டாம்.

8. முதலில் பத்து நிமிடக் குறும்படம். ஒரே கேள்வி, ஒரே படகு, இரண்டு நடிகர்கள். அதை அந்த மீனவருக்கே போட்டுக் காட்டுங்கள். அவர் நம்பினால் பெரிய படத்தைத் தொடங்குங்கள்.